அட்டையின் பின்பக்க முத்திரை

"ஏங்க, பறவை வெட்டுற பஞ்ச் மெஷினைக் கவிழ்த்துப் பிடிச்சு, தாளோட பூப்போட்ட பக்கம் தெரியுதான்னு பாத்துட்டு அமுக்குங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பறவையெல்லாம் உங்க அக்கா மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது பாருங்க" என்று என் மனைவி சிரித்தாள். அன்று மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். தன் பெற்றோரின் ஐம்பதாவது மணநாளுக்கு எங்களிடம் வாழ்த்து அட்டை செய்யக் கொடுத்திருந்தவர்.

"கார்டு வேண்டாண்ணா. நீங்க இருக்கிற நிலைமையில..."

"சாயங்காலம் வாங்கம்மா" என்றேன்.

என் மனைவி கடைசியாகத் தொடங்கிய அட்டை அது. ஓரத்து மணிகளை அவளே ஒட்டியிருந்தாள். பறவைகள் மட்டும் பாக்கி. அதை அரைகுறையாக விட எனக்கு மனம் வரவில்லை. இந்த முறை தாளைச் சரியாக வைத்து இரண்டு பறவைகளை வெட்டி ஒட்டினேன். பின்பக்கத்தில் அவள் பெயர் முத்திரையை வைக்கத்தான் கை எழவில்லை.

டீச்சர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா முத்திரை எங்கண்ணா?"

"பறவை ரெண்டும் நான் ஒட்டினதும்மா. அவ பேரைப் போட்டா பொய்யாயிடும்."

"அக்கா என்னைக்குத் தாள் வெட்டினாங்க? 'வேலை அவருக்கு, பேரு எனக்கு'ன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்குவாங்களே!"

முத்திரையை எடுத்து அமுக்கினேன். டீச்சர் உடனே உறைக்குள் போடப் போனார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். வழவழப்பான அட்டையில் ஊதா மை காய ஐந்து நிமிடம் ஆகும்.