நாலு முன்னுரை

ஏழாம் வகுப்பில் நாலு பேர் கொண்ட ஒரு குழுவைப் பள்ளி மணியைப் பற்றித் தகவல் கட்டுரை எழுதச் சொன்னேன். ஆளுக்கொரு பத்தி என்று பிரித்துக்கொண்டார்கள். சேர்த்துப் படித்தால் நாலும் முன்னுரை. நாலிலும் மணி ‘இன்றியமையாதது’.

"மணியை யார் அடிக்கிறாங்க, எத்தனை தடவை? ஒண்ணுகூட இல்லையே," என்றேன்.

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரியுமே டீச்சர்," என்றாள் வாயாடி. அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

"தெரியும்னா சொல்லுங்க. எத்தனை தடவை?"

நாலு பேரும் நாலு எண் சொன்னார்கள்.

இருபது வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். எங்கே தட்டினால் திறக்கும் என்று எனக்குத் தெரியும். "ஒருத்தர் எண்ணுங்க, ஒருத்தர் நேரம் குறிங்க, ஒருத்தர் மணி அடிக்கிறவர்கிட்ட கேளுங்க, ஒருத்தர் எழுதுங்க. யாருக்காகவும் எதையும் மறைக்கக் கூடாது," என்று அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். வாயாடியையே படிக்கச் சொன்னேன். முன்னுரை ஒன்றே ஒன்று. அப்புறம் எல்லாம் தகவல். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு நாளைக்குப் பதினோரு தடவை மணி அடிக்கிறது. பத்து தடவை சரியான நேரத்தில். கடைசி மணி மட்டும் மூன்று நிமிடம் தாமதம். காரணம் கேட்டோம். ‘பாடம் முடியலன்னு உங்க டீச்சர்தான் நிறுத்தி வைக்கச் சொல்வாங்க’ என்றார் மணி அடிப்பவர்."

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். திருத்த ஒரு புள்ளிகூட இல்லை.

அன்று கடைசி மணி சரியான நேரத்துக்கு அடித்தது.