விரல் நீட்டி ஓகே

...சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்க அவள் என்ன ஊமையா, காலையில் சாவியைக் கொடுக்கும்போதே ட்ராவல்ஸ்கார டில்லிபாபு அண்ணன் ஆரம்பித்துவிட்டார், "ஷாரோன், இன்னிக்கு வர்ற ஜப்பான்காரரு நீ வேல பாத்த கார் கம்பெனிக்குப் புதுசா வந்துகீறாரு, நீ அங்க இருந்தன்னு மூச்சு வுடாத, சண்ட போட்டு வந்த பொண்ணுன்னு தெரிஞ்சா நமக்கு ஒரு ட்ரிப் குடுக்க மாட்டாங்க, அப்புறம் உன்ன நான் வெச்சிக்க முடியாது." சரிண்ணா என்று தலையாட்டினாள், ஆட்டியது கழுத்து மட்டும்தான். ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் சாலையில் வண்டி போகிறது, பின்சீட்டில் மொரிதா சார், அவர் மனைவி, பல்லவர்களின் தலைநகரத்தைப் பார்க்கப் போகிறார்கள், ஓட்டுவதும் அவள்தான், காஞ்சிபுரத்தைச் சுற்றிக் காட்டப் போவதும் அவள்தான், "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வராம கோயிலு காட்டப் போறியாடி" என்று மண்ணூரில் அம்மா இன்னும் முனகிக்கொண்டிருப்பாள், முனகட்டும்... இந்த வண்டியின் கதவு ரப்பர் அவள் கையால் மாட்டியதாகக்கூட இருக்கலாம், இதே மாடல்தானே, இருந்தால் என்ன, கதவுக்கு அவளைத் தெரியவா போகிறது?

கைலாசநாதர் கோயிலில் மழுங்கிய கல் சிங்கங்களை அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள், ராஜசிம்மன் கட்டினது மேடம், சாண்ட்ஸ்டோன் மேடம், மனப்பாடம் செய்ததை ஷாரோன் ஒப்பித்தாள், வாய் அதுபாட்டுக்குப் பேச மனசு கம்பெனியில் கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வருகிற லைனில் நின்றது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கயிற்றை இழுத்து விளக்கைப் போட வேண்டும், மாற்று ஆள் வரும்வரை அசையக் கூடாது, அன்றைக்கு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனான், மாதவிலக்கு வேறு, உடம்பு நனைகிறது, எத்தனை வண்டிக்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பர் மாட்டுவது... கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள். லைன் நின்றது. மறுநாள் கேட்டிலேயே மடக்கி, உன் ட்ரெய்னிங் முடிந்தது, போ என்றார்கள். அவள் அழவில்லை. இல்லை, பொய், பஸ்ஸில் அழுதாள், ஆனால் அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் அழவில்லை.

ராஜ வீதியில் வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தாள், சாலையைத் தாண்ட வேண்டும், ஷேர் ஆட்டோக்கள் முட்டிக்கொண்டு வந்தன. அவள் கை தானாக எழுந்தது, விரல் நீண்டது, "வலது ஓகே, இடது ஓகே," கம்பெனியில் சாலையைக் கடந்தாலும் சரி, ஒரு போல்ட்டை முடுக்கினாலும் சரி, விரல் நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் திட்டு விழும். ஐயோ என்று கையை இறக்கப் பார்த்தாள், பக்கத்தில் இன்னொரு கை அதே மாதிரி நீண்டு நின்றது. மொரிதா சார் தன் கையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், நீ எங்கள் ஆளா என்று இங்கிலீஷில் கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை, முடிந்தது, வேலையும் தப்பிக்கும், அண்ணன் முகமும் நினைவுக்கு வந்தது... ஆனால் எதற்கு மறைக்க வேண்டும், திருடினாளா? "யெஸ் சார். டோர் லைன். டாய்லெட் கோ, லைட் ஆன், நோபடி கம். ஐ வாக் சார். லைன் ஸ்டாப். தே சென்ட் மீ அவுட்," நடுத்தெருவில் ஆட்டோ சத்தத்துக்கு மேலே கத்தியே சொன்னாள், சொல்லிவிட்டு நேராகப் பார்த்தாள், புகார் பண்ணு, பண்ணிக்கொள். அவர் மனைவி என்ன என்று கேட்டாள், அவர் தங்கள் பாஷையில் சொன்னார். வண்டியில் ஏறியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யுவர் பாயிண்டிங், வெரி குட்," என்றார்.

அவ்வளவுதானா, டாய்லெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையா, வேலையைப் பிடுங்கியதைப் பற்றி... கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், வந்தது, ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் வேறொன்று வந்துவிட்டதே, சந்தோஷம், பள்ளிக்கூடத்தில் டீச்சர் குட் போட்ட மாதிரி. சீ. அவர்களை எதிர்த்து நடந்து போனவளுக்கு அவர்கள் தருகிற குட் இன்னுமா இனிக்கிறது? பெருமாள் கோயில் திருப்பத்தில் நிறுத்தினாள், வலது பக்கம் ஈ காக்கை இல்லை, வலது ஓகே காட்டக் கை மடியிலிருந்து கிளம்பியது, பாதியில் பிடித்து நிறுத்தினாள், பின்னால் யாரோ ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள், அடிக்கட்டும், இந்தக் கை யாருடையது என்று தெரியாமல் அவள் வண்டியை எடுப்பதாக இல்லை.