சங்கிலி இல்லாமல் ஓர் உறுமல்

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் என் மாமனார். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "மாப்ள, ஊர்ல இருக்கறவன் கதையெல்லாம் எழுதறீங்க. என்னைப் பத்தி ஒண்ணு எழுதக்கூடாதா? கடைசியில நான் உறுமணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிய பிறகு என் மனைவி வந்தாள். "எழுதுங்க, வேணாங்கல. ஆனா கடைசியில அப்பா உறுமக்கூடாது" என்றாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது அடி வாங்கினால் சத்தம் போடும். நான் இரண்டு பேரிடமும் "சரி" என்றேன்.

மாமனாரின் தொழிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருக்கு ஏதோ வியாதி என்று நினைத்துக்கொள்வீர்கள். அவர் டப்பிங் கலைஞர். ஒரு கார்ட்டூன் தொடரில் வரும் புல்டாக்குக்குப் பதினாறு வருடமாக உறுமுகிறார். வசனம் கிடையாது, உறுமல் மட்டும். தொடர் வேறு மொழியில் தயாராகிறது. அங்கிருந்து வரும்போது இசை வந்துவிடும், கதவு சாத்துகிற சத்தம் வந்துவிடும். பாத்திரங்களின் வாயிலிருந்து வந்த எதுவும் வராது. நாய்க்கும் வாய்தானே? அதன் உறுமலும் அங்கேயே நின்றுபோகும். இங்கே யாராவது ஒரு மனிதர் உறுமி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அந்த உறுமலைப் பதிவு செய்கிற ஒலிப்பதிவாளர் வேறு யாருமில்லை, அவர் மகள்தான். அதாவது என் மனைவி.

குடும்பத்தில் சத்தமில்லாத தொழில் செய்கிறவன் நான் ஒருவன்தான்.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சி செய்தேன். மூன்றையும் அழிக்காமல் விடுகிறேன், உழைத்தது தெரிய வேண்டாமா?

"அன்று வானம் இருண்டு, இடி இடித்து—"

வேண்டாம். முதல் வரியிலேயே இடி வந்துவிட்டால் கடைசி வரியில் உறுமலுக்கு என்ன மரியாதை இருக்கும்?

"டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு மாமனாரின் தொண்டையிலிருந்து நிமிர்ந்தார்."

பரவாயில்லை. ஆனால் இதில் நாயைக் காணோம்.

"அந்த மாளிகையின் இரும்பு கேட்டுக்கு அப்பால், சிவந்த கண்களோடு, எச்சில் ஒழுக ஒரு புல்டாக்—"

இது மட்டும் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. வந்ததும்தான் எனக்குச் சந்தேகம். பிறந்ததிலிருந்து நான் ஒரு புல்டாக்கைக்கூட நேரில் பார்த்தவனில்லை. பிறகு எப்படி இவ்வளவு சரளம்?

3

எப்படியென்றால், எனக்கு முன்னாலேயே எல்லோரும் வரைந்தும் எழுதியும் வைத்துவிட்டார்கள். கார்ட்டூன் புல்டாக்குக்கு மேலே பயில்வான் நெஞ்சு, கீழே குச்சி இடுப்பு. கீழ்ப்பல் இரண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கழுத்தில் ஆணி அடித்த பட்டை இருக்கும். அந்தப் பட்டையை யார் வாங்கினார்கள், ஆணி குத்தாமல் அது எப்படிப் படுக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அது எப்போதும் தூங்கும். தலையில் யாராவது எதையாவது போட வேண்டும் என்பதற்காகவே தூங்கும். எழுந்தவுடன் தப்பான ஆளை அடிக்கும்.

மர்ம நாவலுக்குப் போனால் அதே நாய் பணக்காரர் வீட்டு வாசலில் நிற்கும். திருடன் வீசுகிற மாமிசத்தைத் தின்று ஐந்தாம் அத்தியாயத்தில் மயங்கி விழும். அத்தோடு சரி. மயக்கம் தெளிந்ததா, வீட்டுக்காரர் திட்டினாரா, எதையும் எழுத்தாளர் திரும்பிப் பார்ப்பதில்லை. மனிதர்களையும் விட்டுவைப்பதில்லை. "புல்டாக் முகம் கொண்ட மேலதிகாரி" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அந்த மனுஷருக்கு வேறு குணமே வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குத் தலை சீவிவிடுகிறவராக அவர் இருக்கவே முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே, சங்கிலி. கார்ட்டூன் புல்டாக் என்றால் அது கட்டிப்போட்டிருக்கும். சங்கிலி எவ்வளவு நீளம் என்பது எதிராளிக்கு அத்துப்படி. கடைசிக் கண்ணிக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றுகொண்டு நாக்கைத் துருத்துவான். புல்டாக் பாயும், கழுத்து இழுபடும், தொப்பென்று விழும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் இந்த வயதிலும் சிரிக்கிறேன்.

4

மாமனார் உறுமுகிற நாயின் பெயர் தாடையண்ணன். முதல் நாள் பதிவில் மாமனார் எவ்வளவு முக்கியும் உறுமல் வரவில்லையாம். இருமல் மாதிரி இருந்ததாம். நேராக வாட்ச்மேனிடம் போய், ஸ்டுடியோ கேட்டைப் பூட்டுகிற இரும்புச் சங்கிலியை வாங்கி வந்தார். ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் மாட்டினார், மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டார், இழுத்துக்கொண்டே உறுமினார். கண்ணாடி அதிர்ந்தது. அன்றிலிருந்து சங்கிலி இல்லாமல் அவர் உறுமியதே கிடையாது. வீட்டில் கோபம் வந்தால்கூட முதலில் சாவிக்கொத்தைத்தான் தேடுவார்.

இப்போது தொடர் முடியப்போகிறது. கடைசிப் பகுதியில் சங்கிலி அறுந்துவிடுகிறது. தாடையண்ணன் எழுந்து நிற்கிறான். எதிராளிகள் உறைந்துபோகிறார்கள். வாயைத் திறந்து ஓர் உறுமல்.* படம் அத்தோடு முடிகிறது.

[* பழைய உறுமல் ஒன்றை வெட்டி ஒட்டினால் என்ன என்று கேட்கும் புத்திசாலி வாசகருக்கு: பழைய உறுமல் ஒவ்வொன்றிலும் சங்கிலி கலகலக்கிறது. என் மனைவி அதைத் தனியே பிரிக்கப் போராடிப் பார்த்தாள். சங்கிலியை எடுத்தால் உறுமலும் கூடவே போய்விடுகிறது. "நகமும் சதையுமா ஒட்டியிருக்குங்க" என்றாள்.]

சங்கிலியில்லாத உறுமல் தேவைப்பட்ட அதே மாதம்தான் தொண்டை டாக்டரிடம் போனோம். அந்த அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எங்க, ஒரு தடவை உறுமுங்க பாக்கலாம்" என்றார். மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். சங்கிலி இல்லை. சட்டென்று டாக்டரின் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு உறுமினார். வெளியே வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டாக்டர் கழுத்தைத் தடவிக்கொண்டே, "ரொம்ப நல்லா இருக்கு சார். எங்க வீட்ல இந்தத் தொடர்னா உயிரு. ஆனா இதோட நிறுத்திக்கங்க. உள்ள சதை வளந்திருக்கு. இன்னொரு தடவை இப்படி முக்கினீங்கன்னா பேச்சே போயிடும்" என்றார்.

(இந்த இடத்தில் மாமனார் என்கிற பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓர் உறுமலுக்காக ஒரு மனிதர் குரலையே பணயம் வைப்பாரா? வாசகர் நம்புவாரா? அவரிடமே கேட்டேன். "நம்பாதவனை எங்கிட்ட அனுப்புங்க மாப்ள, உறுமிக் காட்டறேன்" என்றார்.)

5

வேறு ஆள் தேடினார்கள். கணக்காளர் உறுமினார், கொட்டாவி மாதிரி இருந்தது. தயாரிப்பாளர் தானே உறுமினார். எல்லோரும் பயந்தார்கள், ஆனால் அது வேலை போய்விடுமே என்கிற பயம். கடைசியில் என்னையும் மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். குலசாமியை நினைத்துக்கொண்டு உறுமினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பிறகு, "பரவாயில்லைங்க, நீங்க எழுதற வேலையையே பாருங்க" என்றாள்.

தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது: நிஜமான புல்டாக்கைக் கொண்டுவந்தால் என்ன? அவருடைய சித்தி வீட்டில் ஒன்று இருந்தது. பெயர் ரோஜா. சித்தி ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், படியேறினால் அதற்கு மூச்சு வாங்குமாம். ரோஜா மைக்கை மோந்து பார்த்தது. ஒரு தடவை நக்கியது. அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டது.

[கொர்ர்ர்ர்.]

(இது ரோஜாவின் குறட்டை. இனிமேல் அவ்வப்போது கேட்கும், என்னால் தடுக்க முடியாது. எழுப்புவதற்காக இந்தக் கதைக்குள் ஒரு திருடனைக்கூட அனுப்பிப் பார்த்தேன். ரோஜா அவன் காலணியின் மேல் தலைவைத்துத் தூங்கியது. அவன் காலை உருவ மனசில்லாமல் நின்றுகொண்டே இருந்தான். பாவமாக இருந்தது, அவனை அடித்துவிட்டேன், பேனாவால்தான்.)

வேறு வழியில்லாமல் குறட்டையையே பதிவு செய்து சேனலுக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது. தயாரிப்பாளர் போனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நாய் நல்லாத்தான் இருக்காம் சித்தி. நாய்த்தனம் பத்தலையாம். நிஜ புல்டாக் மாதிரி இல்லைங்கறாங்க."

"இல்லாம என்னடா? இதோட அப்பன் புல்டாக், அம்மா புல்டாக், பாட்டன் முப்பாட்டனெல்லாம் புல்டாக். சொல்றவங்க யாரு, புல்டாக்கா?" என்றார் சித்தி.

அன்று மாமனாரும் வந்திருந்தார். "எனக்குப் பதிலா யாரைப் போட்டிருக்காங்கன்னு நான் பாக்க வேணாமா?" என்று பையில் சங்கிலியோடு வந்தார். பதினாறு வருடமாக உறுமியவர், அவரும் ஒரு புல்டாக்கை நேரில் பார்த்ததில்லை. ரோஜாவின் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இதுவா?"

"இதேதான்" என்றார் சித்தி.

"இதுக்கு மூச்சு விடவே பெரும்பாடா இருக்கே. இது எப்படிம்மா ஓடும், எப்படிப் பாயும்?"

"யாரு ஓடச் சொன்னா? சோபாவுல ஏத்திவிட்டா உக்காரும். இறக்கிவிட்டா இறங்கும்."

"சரி, ஒரு புல்டாக் எப்படி இருக்கணும்னு அதுக்குக் காட்டறேன்" என்று மாமனார் பையிலிருந்து சங்கிலியை உருவினார். உறுமக்கூட இல்லை, உருவியதோடு சரி. அந்தச் சத்தத்துக்கே ரோஜா விழித்துக்கொண்டது. சித்தியின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு வெடவெடவென்று நடுங்கியது.

"எங்க வீட்ல கயிறுகூட கிடையாதுங்க. இந்தச் சத்தத்தை அது கேட்டதே இல்ல" என்றார் சித்தி.

மாமனாரின் முகம் செத்துப்போயிற்று. வெளியே போய்ச் சங்கிலியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து ரோஜா மெல்ல வந்து, அவர் மடியில் தாடையை வைத்தது. வேட்டி முழுக்க எச்சில்.

"மாப்ள, பதினாறு வருஷமா கட்டிப்போட்டே உறுமிட்டேன்" என்றார். "ஒரே ஒரு தடவை அவுத்துவிட்டு உறுமிட்டுப் போயிடறேன். இந்தக் கழுதைக்காகவாவது."

6

முடிவுகள்.

அ. மாமனார் உறுமுகிறார். வெறுங்கையோடு, அடிவயிற்றிலிருந்து. அப்படியோர் உறுமலை உலகம் கேட்டதில்லை. மறுநாள் காலை எனக்குப் போன் வருகிறது. அவர் தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவார், "மாப்ள, சாப்டீங்களா?" என்று கேட்பார், நான் "ஆச்சு மாமா" என்பேன், வைத்துவிடுவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. போனை எடுக்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும்—

(என்னால் முடியவில்லை. அடுத்த முடிவுக்குப் போகிறேன்.)

ஆ. மாமனார் உறுமவில்லை. சேனல் எங்கிருந்தோ ஒரு சிங்கத்தின் சத்தத்தை வாங்கி ஒட்டிவிடுகிறது.

[ஓரத்தில், பென்சிலில், என் மனைவி: "இதையே வெச்சுக்கங்க."]

மாமனார் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நாய் சங்கிலி அறுத்து நிற்கிறது, யாருடைய வாயாலோ உறுமுகிறது. தட்டில் சோறு அப்படியே இருக்கிறது. குரல் இருக்கிறது, பேசத்தான் ஒன்றுமில்லை.

[அதன் கீழே, பேனாவில், மாமனார்: "இதுக்கு நான் ஊமையாவே இருந்துக்கறேன் மாப்ள."]

இ. ரோஜா துள்ளி எழுந்து, இடி மாதிரி—

[கொர்ர்ர்ர்.]

நடக்காது.

7

எழுதிக்கொண்டிருக்கும்போதே நாள் வந்துவிட்டது. எல்லோரும் ஸ்டுடியோவில் இருக்கிறோம். மாமனார் மைக்கின் முன்னால் நிற்கிறார். வெறுங்கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் பாக்கெட்டில் விட்டார், பிறகு பக்கத்து நாற்காலியில் தூங்குகிற ரோஜாவின் தலையில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி பொத்தானில் விரலை வைத்திருக்கிறாள். அழுத்தவில்லை.

"அப்பா, வேணாம்ப்பா."

"போடும்மா."

"சொன்னா கேளுங்கப்பா."

"அழுதா மைக்குல கேக்கும். கண்ணைத் தொடச்சுட்டுப் போடு."

அழுத்திவிட்டாள். சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் சங்கிலி அறுகிறது.

இங்கே கதை எழுதுகிறவன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நான் எடுக்கமாட்டேன், மத்தளம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் எடுங்கள். உங்களுக்கும் வாய் இருக்கிறது, மைக் திறந்திருக்கிறது. இப்போது நீங்கள் முந்திக்கொண்டு ஒரு தடவை உறுமிவிட்டால் அவர் உறுமத் தேவையில்லை. குரல் மிஞ்சும், ஆசை போகும், என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவார். நீங்கள் சத்தமில்லாமல் படித்துக்கொண்டே போனால் அவர் உறுமுவார். ஆசை தீரும். பிறகு யாரையும் திட்டமாட்டார்.

எது நியாயம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அவர் திட்டட்டும். திட்டி முடித்த மூச்சோடு "சாப்டீங்களா?" என்று கேட்பார், எனக்கு அது போதும்.

பக்கத்தில் ஆள் இருக்கிறார்களே என்று கூச்சப்படாதீர்கள். பஸ்ஸாக இருந்தால் என்ன, ஆபீஸாக இருந்தால் என்ன, ஓர் உறுமல்தானே. நன்றாக வர வேண்டும் என்றுகூட இல்லை. கையில் சாவிக்கொத்து இருந்தால் மட்டும் கீழே வைத்துவிடுங்கள், சங்கிலி மாதிரிக் கேட்கும்.

மாமனார் மூச்சை உள்ளே இழுக்கிறார்.

சீக்கிரம்.

(                                        )