ஹீட்டரை அணைக்காதீங்க அத்தை

ஊரில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவள் மிதிக்காத நாளே கிடையாது. டிரைவிங் ஸ்கூல் என்று பெரிதாகப் பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே இருந்தது ஒரே கார், ஒரே ஆசிரியை. அந்த ஆசிரியைக்கு அப்போது வாய்த்திருந்த மாணவர்களிலேயே பெரிய தலைவலி, அவளுடைய சொந்த மாமியார்.

மாமியார் தையல் கடை வைத்திருந்தார். துணி வாங்கப் போகும்போதெல்லாம் மகனிடம் “கொஞ்சம் கூட்டிட்டுப் போடா” என்று நிற்க வேண்டியிருக்கிறதே என்ற ரோஷத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். வீட்டில் மருமகளை “ஏம்மா” என்று கூப்பிடுகிறவர், காரில் ஏறி பெல்ட் போட்ட மறுகணம் “டீச்சர்” என்பார். மருமகளும் வீட்டில் விழுங்கியதையெல்லாம் சேர்த்து வைத்துக் காரில்தான் தீர்த்துக்கொள்வாள்.

லைசென்ஸ் தேர்வில் மாமியார் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். முதல் தடவை மேட்டில் இன்ஜின் அணைந்து, கார் வந்த வழியே பின்னால் உருண்டது. அடுத்த தடவை சாலையைக் கடந்த பூனைக்காக நிறுத்தியவர், பூனை அந்தப் பக்கம் போன பிறகும் கிளம்பவில்லை. “குட்டி ஏதாவது பின்னாடி வருமோன்னு பார்த்தேன்” என்றார்.

மூன்றாவது தேர்வன்று காலையில் காரைத் துடைக்கக் குனிந்த பிரேக் அக்கா, வண்டிக்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் குட்டையைப் பார்த்தாள். கூலன்ட்! இன்ஜினைக் குளிர வைக்கிற நீர். பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துத் தேடியபோது, ரேடியேட்டரின் ஓரத்தில் ஊசி குத்தியது போன்ற ஓர் இடத்தில் ஈரம் முத்து முத்தாகப் பூத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

“புது ரேடியேட்டர் வர ரெண்டு நாள் ஆகும்மா” என்றார் அவர்.

“இன்னிக்கு எங்க அத்தைக்கு டெஸ்ட் அண்ணே. இதை விட்டா அடுத்த தேதி எப்போ கிடைக்கும்னே தெரியாது.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “லீக் அடைக்கிற மருந்து ஒண்ணு பாட்டில்ல வரும். பெட்ரோல் போடுற இடத்துக் கடையிலயே விப்பாங்க. ஊசி ஓட்டைன்னா பிடிச்சுக்கும், பெருசுன்னா ஊத்தியும் பிரயோஜனம் இல்லை. இன்ஜின் ஆறி இருக்கும்போது ஊத்து. ஹீட்டரை ஃபுல்லா வெச்சு ஓட்டு, அப்பத்தான் மருந்து எல்லாப் பக்கமும் சுத்தி வரும். நடுவுல இன்ஜின் நின்னுச்சுன்னா மருந்து ஒரே இடத்துல தங்கிடும். ஓட்டையை விட்டுட்டு நல்லா இருக்குற குழாயை அடைச்சு வெச்சுடும்.”

“ஓட்டை அடைபடலைன்னா?”

“சூடு காட்டுற முள்ளு மேல ஏறும். ஏறினா அந்த இடத்துலயே ஓரங்கட்டி நிறுத்திடு. இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஆசைப்படாதே.”

சந்தேகமான வண்டியைச் சாலையில் எடுக்காதே என்று மாணவர்களுக்கு நாள் தவறாமல் ஓதுகிறவள் அவள். தேர்வைத் தள்ளிப்போட்டு விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அதற்குள் மாமியார் இஸ்திரி போட்ட உடுப்பும் துடைத்த கண்ணாடியுமாக வாசலுக்கு வந்து, “கிளம்பலாமா டீச்சர்?” என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்குத் தேர்வைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. கடைக்கு ஓடினாள்.

பாட்டிலை நன்றாகக் குலுக்கி, ஆறிக் கிடந்த ரேடியேட்டரில் ஊற்றினாள். உள்ளே செம்புத்தூள் போல என்னவோ மினுமினுத்தது. குறைந்திருந்த அளவுக்குக் கூலன்டையும் ஊற்றி மூடியை இறுக்கினாள். அதற்குள் மாமியார் ஓட்டுநர் இருக்கையைப் பிடித்துவிட்டார். “டெஸ்டுக்கு முன்னாடி கை பழக வேண்டாமா? நான்தான் ஓட்டுவேன்.”

மாமியார் இன்ஜினைக் கிளப்ப, அவள் ஹீட்டரை முழுசாகத் திருகினாள். இன்ஜின் சூடேறியதும் அனல் குப்பென்று முகத்தில் அடித்தது.

“டீச்சர், வெளியே வெயில் கொளுத்துது, நீங்க உள்ளேயும் அடுப்பைப் பத்த வெக்கிறீங்களே!”

“காருக்கு மருந்து ஊத்தியிருக்கேன் அத்தை. அது வேலை செய்யணும்னா ஹீட்டர் ஓடணும். என்ன ஆனாலும் அணைக்காதீங்க. இன்ஜினும் எங்கேயும் நிக்கக் கூடாது.”

மாமியாரின் பலவீனமே அதுதான். ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவையாவது இன்ஜினை அணைத்துவிடுவார். ஆனால் ‘மருந்து’ என்ற சொல் அவரை என்னவோ செய்துவிட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்திருப்பவர் போல கிளட்சைப் பார்த்துப் பார்த்து விட்டார். “அவ்வளவுதான்டா கண்ணு, சரியாயிடும்” என்று டேஷ்போர்டைத் தடவிக் கொடுத்தார்.

“கை ஸ்டியரிங்ல அத்தை!”

ஒரு லாரி மறைத்ததில், திரும்ப வேண்டிய இடம் தப்பிப்போய்விட்டது. கார் நேராகப் பெரிய சாலையில் ஏறியது. மூன்றாவது கியருக்கு மேல் போயறியாத மாமியார், பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்ததும் நான்காவது கியரைப் போட்டார். பிரேக் அக்காவின் கண் முள்ளிலேயே இருந்தது. அது நடுவைத் தாண்டி ஒரு மயிரிழை ஏறியது. ‘இன்னும் ஏறினால் நிறுத்தச் சொல்லிவிட வேண்டியதுதான்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே முள் மெல்ல இறங்கி, நடுவில் வந்து அசையாமல் நின்றது.

“என்ன டீச்சர், ரொம்ப நேரமா சத்தமே இல்லை?” என்றார் மாமியார்.

“நல்லா ஓட்டுறீங்க அத்தை” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே உறைத்தது.

தேர்வு மைதானத்தில் இன்ஜின் ஓடும்போதே இறங்கி, குனிந்து பார்த்தாள். ரேடியேட்டரின் ஓரத்தில் ஈரம் காய்ந்து, ஒரு சின்னப் பொருக்கு கட்டியிருந்தது. தரையில் ஒரு சொட்டு கூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில், இனி ஹீட்டரை அணைக்கலாம் என்று மாமியாரிடம் சொல்ல மறந்தே போனாள். தேர்வு அதிகாரி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்த, கார் கிளம்பிவிட்டது.

திரும்பி வந்தபோது அதிகாரி, குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர் போல இறங்கினார். கழுத்துப் பட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“ஏம்மா, இது காரா, சூளையா?” என்று பிரேக் அக்காவிடம் கேட்டார். “ஹீட்டரை அணைங்கன்னா, ‘முடியாது சார், டீச்சர் திட்டுவாங்க’ங்கிறாங்க. ரெண்டு தடவை ஃபெயில் பண்ணினதுக்குப் பழி வாங்குறாங்களோன்னு நினைச்சேன்.”

பிரேக் அக்கா பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “காருக்கு உடம்பு சரியில்லை சார். மருந்து கொடுத்திருக்கோம்.”

அதிகாரி கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே சிரித்துவிட்டார். “மேட்டுல பூப்போல ஏத்தினாங்க. ஒரு இடத்துல கூட நிக்கலை. பாஸ்.”

பிரேக் அக்கா மைதானம் என்றும் பார்க்காமல் மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது, “சந்தோஷம்மா, ஆனா இதை நம்பி ஊர் சுத்தாதே, நாளை மறுநாள் புதுசு மாட்டிடணும்” என்றார். சரி என்றாள்.

வழியில் ஒரு ஐஸ்கிரீம் கடை நிழலில் மாமியார் வண்டியை ஓரங்கட்டி, ஹீட்டரை மூடி, அன்று முதல் தடவையாகச் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். நான்கு கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு ஆளுக்கொரு பெரிய கோப்பையோடு உட்கார்ந்தார்கள். மகன் போன் செய்தான்.

“அம்மா, என்ன ஆச்சு?”

மாமியார் ஒரு கரண்டி ஐஸ்கிரீமை வாயில் போட்டுக்கொண்டு, “அப்புறம் பேசுடா. நானும் என் டீச்சரும் பிஸியா இருக்கோம்” என்று போனை வைத்தார்.