எங்க ஆளுங்க

லீனா வேலை முடிந்து வந்தபோது குளியலறைக் கதவு திறந்திருந்தது. கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் அவள் மகள் ஆஞ்சலா உட்கார்ந்திருந்தாள். அண்ணி மெர்சி அவள் தலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். பாதித் தலை முடிந்துவிட்டது. சுருள் சுருளாகத் தரையில் கிடந்த முடியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது.

குழந்தை அழவில்லை. பழகிவிட்டது.

"போன மாசம்தானே அண்ணி மொட்ட அடிச்சீங்க?"

"அடிக்க அடிக்கத்தான் முடி நேரா மொளைக்கும். நாளைக்கு சபை ஆண்டுவிழா. நாலு பேர் பாப்பாங்க இல்ல?"

எதிர்த்துப் பேசும் நிலையில் லீனா இல்லை. காங்கோவிலிருந்து படிக்க வந்த ஜோயெலைக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். விசா முடிந்து அவனைத் திருப்பி அனுப்பியபோது ஆஞ்சலா கைக்குழந்தை. குழந்தையைப் பார்த்ததும் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் யாரும் வீடு தரவில்லை. அண்ணன் குணசேகர்தான் சேர்த்துக்கொண்டான். அதை அவளை மறக்க விட்டதும் இல்லை.

அவர்கள் போகும் கோயில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் கட்டியது. அந்தக் காலத்தில் வடஆற்காட்டிலிருந்து வந்த தமிழ்ச் சமையல்காரர்களும் ஆயாக்களும் கடைசியில், தரையில் உட்கார வேண்டும். குணசேகரின் பாட்டனார் அப்படி உட்கார்ந்தவர். வெள்ளைக்காரர் போனதும் பெஞ்சுகள் ஆங்கிலோ இந்தியருக்கு வந்தன. அவர்கள் ஆஸ்திரேலியா போனதும் தமிழர் முன்வரிசைக்கு நகர்ந்தார்கள். கோலார் தங்கவயல் சுரங்கம் மூடியபோது அங்கிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தன. மலையாளிகள் வந்தார்கள், மிசோப் பிள்ளைகள் வந்தார்கள். இப்போது ஆப்பிரிக்க மாணவர்கள். ஆட்கள் மாறினார்களே தவிர, கடைசி வரிசைக்கு என்று யாராவது இருந்துகொண்டேதான் இருந்தார்கள்.

ஆண்டுவிழாவில் ஒவ்வொரு இனத்துப் பிள்ளைகளும் அவரவர் உடையில் மேடையேறிப் பாட வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. தமிழ்ப் பாட்டில் ஆஞ்சலாவும் இருந்தாள். ஒரு வார்த்தை பிசகாமல் பாடுவாள். லீனா தன் பட்டுப்புடவையை வெட்டி அவளுக்குப் பாவாடை தைத்திருந்தாள்.

மறுநாள் பிள்ளைகள் வரிசையில் நின்றபோது கமிட்டிச் செயலாளர் இராஜமாணிக்கம் வந்தார். மரியாதையான மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஆஞ்சலாவின் முன்னால் குனிந்து மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"பாப்பா, இது தமிழ்ப் பிள்ளைங்க லைன். உங்க ஆளுங்க பின்னாடி இருக்காங்க பாரு. அங்க போய் உக்காரு."

பாட்டு டீச்சர் சுப்ரியா, குழந்தைக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாதே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். வீடியோ வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது, பார்ப்பவர்கள் குழம்பிவிடுவார்கள் என்றார் அவர். முன்வரிசையிலிருந்த குணசேகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினான்.

ஆஞ்சலா பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து போனாள். கடைசி பெஞ்சில் ஆப்பிரிக்க மாணவர்கள் நாலைந்து பேர். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இங்க யாரு எங்க ஆளுங்க?" என்று கேட்டாள்.

அவர்களுக்குத் தமிழ் புரியவில்லை. ஒரு பெண் மட்டும் நகர்ந்து இடம் விட்டாள்.

முன்னால் லீனா எழுந்தாள். மெர்சி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? மானம் போவுது, உக்காரு."

"எம்பொண்ணு இருக்கிற எடத்துக்கு" என்று லீனா கையை விடுவித்துக்கொண்டாள்.

தமிழ்ப் பாட்டு தொடங்கியது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் மேல் நின்று, ஆஞ்சலா முழுப் பாட்டையும் பாடினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் இராஜமாணிக்கம் ஜெபித்தார். ஆண்டவருடைய வீட்டில் கறுப்பு வெள்ளை இல்லை, சாதி இல்லை, பாஷை இல்லை, எல்லாரும் ஒரே குடும்பம் என்றபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

சபை முழுவதும் ஆமென் என்றது. ஆஞ்சலாவும் கண்களை இறுக மூடி, ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, சத்தமாக ஆமென் என்றாள்.

லீனா சொல்லவில்லை.