நூறிலிருந்து ஏழு

என் கொழுந்தன் ஜேம்ஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். போன ஞாயிறு சர்ச் முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, "அண்ணி, அண்ணன் ஒரே கேள்விய திரும்பத் திரும்ப கேக்காங்க. ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலம் முழுக்க மனக்கணக்கிலேயே அளவு சொன்ன மனுஷனுக்கா மூளையில் கோளாறு? அவன் வாயை அடைக்கவே என் வீட்டுக்காரர் ஸ்டான்லியை டாக்டர் ஸ்ரீஜாவிடம் கூட்டிப்போனேன். ஒன்றுமில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால் போதும் எனக்கு.

"அங்கிள், நூறிலிருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க" என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார்.

"ஏன், பத்துன்னா ஆகாதா?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்தார். பத்தோ ஐந்தோ என்றால் வாய் தானாகச் சொல்லிவிடுமாம், மூளைக்கு வேலையே இல்லையாம். ஏழு அப்படி இல்லை. கடைசி எண் ஒவ்வொரு தடவையும் மாறும், முக்கால்வாசி நேரம் பத்தைத் தாண்டிக் கடன் வாங்க வேண்டும், அதற்குள் முன்னே சொன்ன எண்ணையும் விட்டுவிடக் கூடாது. நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். எழுபத்தொன்பதிலேயே முட்டிக்கொண்டது.

ஸ்டான்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நைன்ட்டி த்ரீ, எய்ட்டி சிக்ஸ், செவன்ட்டி நைன், செவன்ட்டி டூ..." கடகடவென்று இரண்டு வரை இறங்கிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜேம்ஸ் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இப்போ தொண்ணூத்தொன்பதிலிருந்து, அங்கிள்."

"நைன்ட்டி த்ரீ" என்றார் உடனே.

"நூறு இல்ல அங்கிள், தொண்ணூத்தொன்பது."

ஸ்டான்லி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நைன்ட்டி த்ரீ, எய்ட்டி சிக்ஸ்..."

"சரி, எண்பதிலிருந்து மூணு போனா?"

மறுபடியும் "நைன்ட்டி த்ரீ" என்றே ஆரம்பித்தார். ஏசி அறையில் அவர் நெற்றி வியர்த்துவிட்டது. சண்டே ஸ்கூலில் பிள்ளைகள் மனப்பாட வசனம் சொல்வது இப்படித்தான். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்துதான் வரும். இவர் கணக்கே போடவில்லை. ஒப்பித்திருக்கிறார்!

"இத எங்க படிச்சீங்க, அங்கிள்?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"போன்ல. இப்படித்தான் கேப்பாங்கன்னு ஒரு வீடியோல போட்டிருந்தான்."

"எப்போ?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே."

ஆறு மாசம்! தினமும் விடியற்காலையில் பால்கனியில் நின்று முணுமுணுத்தது இதுதானா? ஜெபம் பண்ணுகிறார் என்றல்லவா காப்பியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன்!

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வெளியே ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"எதுக்கு என்கிட்ட மறைச்சீங்க? நான் செத்தா போயிட்டேன்?"

"நீ பயப்படுவேன்னுதான்."

"இன்னும் என்னத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க? சொல்லுங்க!" ஆத்திரத்தில்தான் கேட்டேன், பதில் வரும் என்று நினைக்கவில்லை.

அவர் விரல் மடக்கினார். "நம்ம வீட்டுக்குப் போற வழி. நம்ம மகன் ஆலனோட பிள்ளைங்க பேரு." அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "பொறவு, உன் பேரு. காலையில எந்திரிச்சதும் முதல்ல அதத்தான் சொல்லிப் பாக்கேன், ஜெயசுந்தரி."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என்னை ஜெயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.