ஒன்றரை உழக்கு

"அந்தக் கந்தல வெளிய எறிங்கண்ணே. பொறந்த வீட்டுக் கோடிக்கு அடியில அதையா வைக்கிறது?"

மருதாயி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள். பிச்சைமுத்து கையிலிருந்த அடித்துணிகள் இரண்டையும் கீழே போடவில்லை. குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த மனைவி பொன்னுத்தாயின் இடுப்புக்கு அடியில் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். வெளியே பாடை கட்டி முடித்தாயிற்று.

மூக்கைப் பொத்துகிறாளாம் மூக்கை! துவைத்து, வெயிலில் காயவைத்து, புது மரத்தூள் அடைத்த துணியில் என்ன நாறுகிறதாம் இவளுக்கு?

நயா பைசா வந்த வருஷம் பக்கவாதத்தில் விழுந்தவள் பொன்னுத்தாய். பேச்சு பிழைத்தது, சிறுநீர் மட்டும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. அவள் தம்பி செல்லமுத்து வீட்டுக் காதுகுத்துக்கு வண்டி கட்டி அழைத்துப் போனபோது பாய் நனைந்துவிட்டது. அவன் பெண்டாட்டி, இதே மருதாயி, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கண்முன்னால் அந்தப் பாயைக் கம்பால் தள்ளிக்கொண்டு போய் வாசலில் போட்டாள். திருமயத்திலிருந்து வண்டி திருக்கோகர்ணம் வந்து சேர்ந்தது. வீட்டில் இறக்கிப் படுக்க வைத்த பிறகுதான் பொன்னுத்தாய் சொன்னாள்.

"நான் போறப்பவாச்சும் தெருவுல சொட்டாமப் போகணுங்க."

பழைய வேட்டி, சேலை இருந்தால் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லி மச்சினனுக்குக் கார்டு போட்டார் பிச்சைமுத்து. கட்டின துணியை நோய்ப் படுக்கைக்குக் கொடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பதில் வந்தது. அடப் பாவிகளா! தன் வேட்டிகளையே ஒவ்வொன்றாகக் கிழித்தார். இன்றைக்கு அவர் இடுப்பில் இருப்பது ஒன்றுதான் மிச்சம்.

தானியக் கடையில் அளந்து போடுகிறவர் அவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். முதலில் இலவம்பஞ்சு வைத்து மெத்து மெத்தென்று தைத்தார். கட்டிலருகே தாம்பாளத்தில் வைத்து உழக்குத் தண்ணீரை ஊற்றினால், பஞ்சு ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அத்தனையும் தாம்பாளத்தில் நின்றது.

"பஞ்சுன்னு நம்பி ரெண்டு நாள் தச்சீங்களே, பாவம்," என்று பொன்னுத்தாய் கோணின வாயால் சிரித்தாள்.

பிறகு மரவாடியிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து, சலித்த சாம்பல் கலந்து, வேட்டித் துணி நாலு மடிப்புக்குள் வைத்தார். ஒரு உழக்கு தாங்கியது. "ஏமாத்தாதீங்க, இன்னொரு அரை உழக்கு ஊத்துங்க," என்றாள். ஊற்றினார். உள்ளங்கையால் அழுத்தியும் தாம்பாளம் காய்ந்தே இருந்தது. அன்று இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

"மச்சான், சபையில மானத்த வாங்காதீங்க," என்றான் செல்லமுத்து, இப்போது மருதாயிக்குப் பக்கத்தில் வந்து நின்று. "தெருவே பாக்கக் கொட்டடிச்சுக் கொண்டாந்த கோடி."

பிச்சைமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மானமா? இரு மாப்ள, காட்டுறேன்."

குளிப்பாட்டின தண்ணீர் அண்டாவில் மிச்சம் இருந்தது. மாடத்திலிருந்து உழக்கை எடுத்து மொண்டார். கோடிச் சேலையின் ஒரு தலைப்பை இழுத்து நாலாய் மடித்துத் தரையில் போட்டு ஊற்றினார். கஞ்சி மொடமொடப்பில் தண்ணீர் நிற்கவே இல்லை. உருண்டு ஓடிப்போய்ச் செல்லமுத்துவின் காலை நனைத்தது. அவன் துள்ளி விலகினான்.

அடுத்து ஒரு அடித்துணியைப் போட்டு அதன்மேல் ஒரு உழக்கு ஊற்றினார். பிறகு அரை. கையால் அழுத்தித் தூக்கிக் காட்டினார். அடியில் தரை காய்ந்திருந்தது.

"உசுரோட கெடந்தவளுக்கு ஒங்க வீட்டுல ஒரு கந்தல் இல்ல. செத்தவளுக்குக் கொட்டடிச்சுக் கோடியா? தூ! ஒங்க கோடிய மேல போத்துங்க, வேணாங்கல. அடியில இதுதான் போகும்!"

பக்கத்து வீட்டு ஆவுடையாள் எழுந்து வந்து, காய்ந்திருந்த மற்றதை அவர் கையிலிருந்து வாங்கினாள். "மருதாயி, மூக்குலேருந்து கைய எடுத்துட்டு இந்தப் பக்கம் பிடி," என்றாள். இருவருமாக இடுப்பைத் தூக்கி அடியில் வைத்தார்கள்.

பிள்ளையில்லாததால் கொள்ளிச்சட்டியைப் பிச்சைமுத்துவே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. முச்சந்தியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி, மறுபடி தூக்கினார்கள்.

அவர் நகரவில்லை. பாடை இருந்த இடத்தில் குனிந்து, இடது உள்ளங்கையைத் தரையில் பதித்தார்.

"என்ன மச்சான், எதையும் விட்டுட்டீங்களா?" என்றான் பாடைக்குத் தோள் கொடுத்திருந்த செல்லமுத்து.

"ஒண்ணுமில்ல. நடங்க."

உள்ளங்கையில் காய்ந்த புழுதி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமல் கையை மூடிக்கொண்டு நடந்தார்.